முன்னாள் ராணுவத்தினருக்கு நகராட்சி என்ன செய்யணும்?

கேள்வி: எங்க நகராட்சியில முன்னாள் ராணுவத்தினருக்கு வசதி செஞ்சு தரப் போறாங்களாம், ஆலோசனை கேக்கறாங்க. என்ன சொல்லலாம்?

அலங்கார வளைவு, நினைவுத்தூண்ல இருந்து ஆரம்பிச்சிருப்பாங்களே? அது வேணாம்னு நான் சொல்லல. ஆனா முதல்ல ஒரு மேஜை போட்டு, பென்ஷன் பேப்பர் தெரிஞ்ச ஒரு ஆளை உக்கார வைக்கச் சொல்லுங்க.

நாங்க ஆந்திரா சித்தூர் பக்கம், வீட்ல தமிழ்தான். அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் போனப்புறம் அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் கேட்டுப் போனா, டிஸ்சார்ஜ் புக்ல (ஆர்மில இருந்து வெளிய வரும்போது தர்ற சர்வீஸ் புக்) அம்மா பேர் ராஜாத்தி, ஆதார்ல ராஜேஸ்வரி. கல்யாணமான புதுசுல வீட்ல கூப்பிடற பேரையே அப்பா எழுதிக் குடுத்திருக்கார். பேங்க்ல, ரெஜிமெண்ட் ஆளுங்களோட பதிவெல்லாம் வெச்சிருக்கற ரெக்கார்ட் ஆபீஸ்ல திருத்திட்டு வாங்கன்னாங்க, அங்க எழுதினா அஃபிடவிட் கேட்டாங்க, பேப்பர் விளம்பரம் கேட்டாங்க, ஃபார்ம் எல்லாம் இங்கிலீஷ், நோட்டரி எழுதித் தந்தது தெலுங்கு, அம்மா தமிழ் மட்டும்தான் எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. கடைசில வழி காட்டினது பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில பாத்த ஒரு ரிட்டயர்ட் சுபேதார், ஆர்மில கிளார்க் வேலை பாத்தவர். டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டிப் பாத்துட்டு "இந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடும்மா, அப்பாவோட ஆர்மி நம்பரை ஒவ்வொரு லெட்டர்லயும் மேல எழுது"ன்னார். அவர மாதிரி ஆளுக்கு ஒரு நாற்காலியும் சம்பளமும் குடுத்தா போதும்.

பென்ஷன் ஸ்பார்ஷ்ங்கற ராணுவ பென்ஷன் ஆன்லைன் சிஸ்டத்துல, வருஷா வருஷம் லைஃப் சர்டிஃபிகேட் வேற. வைத்தியம் 2003ல வந்த இசிஎச்எஸ்ல, அதாவது முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்துல. மாநிலச் சலுகைக்கு ஜில்லா சைனிக் ஆபீஸ், அதாவது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். இதுல எதுவும் நகராட்சி கையில இல்ல, எந்தக் கதவைத் தட்டணும்னு சொல்றது மட்டும்தான் அவங்களால முடியும். எங்களமாதிரி பார்டர் ஊர்க்காரங்களுக்கு அது ரொம்பத் தேவை, பெரிய வைத்தியம்னா வேலூருக்கு ஓடறோம், ஆனா ஒரு மாநிலச் சலுகை அடுத்த மாநிலத்துல செல்லாது.

இன்னொண்ணு, பதினஞ்சு வருஷம் முடிக்காம வெளிய வந்த ஜவானுக்குப் பொதுவா சர்வீஸ் பென்ஷன் கிடையாது. அப்படிப்பட்டவங்கள்ல ஹவில்தார் வரைக்கும் உள்ளவங்களுக்கு, 65 தாண்டி வறுமையில இருந்தா, மத்திய அரசோட கேந்திரிய சைனிக் போர்டுல மாசக் கணக்குல பெனுரி கிராண்ட்னு ஒரு வறுமை உதவித்தொகை இருக்கு. வார்டு வார்டா போய் அவங்களைத் தேடிப் பிடிக்கறது நகராட்சிக்குப் பெரிய விஷயமில்ல.

"ராணுவத்துக்கு மட்டும் என்ன ஸ்பெஷல், விவசாயி இல்லையா"ன்னு கமெண்ட் போட வராதீங்க, எங்க தாத்தாவும் விவசாயிதான், அவருக்கும் ஒரு மேஜை போட்டா சந்தோஷம்தான். எனக்கு வயித்தெரிச்சல் வேற. அப்பா இருந்த வரைக்கும் சொந்தக்காரங்க ஃபோன் பண்ணா கேன்டீன் சரக்கு கிடைக்குமான்னுதான் கேப்பாங்க, அவர் முட்டி வலி எப்படி இருக்குன்னு ஒருத்தர் கேட்டதில்ல. அவர் ஒரு சொட்டு குடிச்சவர் இல்ல.

உங்க ஊர்ல ஆலோசனைக் கூட்டம் வெச்சா விதவைங்களையும் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. இங்க எங்க முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக் கூட்டத்துல மைக் பிடிக்கறது எல்லாம் ஆம்பளைங்கதான், பேப்பர் தூக்கிட்டு அலையறது பூரா எங்க அம்மா மாதிரி பொம்பளைங்க.