சும்மா கிடக்கிற காணி

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை, பாலையூற்றில் இருக்கிறேன். கடையொன்றில் கணக்கு எழுதும் வேலை. காணி, வீடு வாங்கி விற்கும் தொழிலில் இறங்க ஆசை. ஆறு மாதமாக யூடியூப்பில் அமெரிக்கக்காரர் போடும் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கிறேன். கொழும்பில் ஒருவர் இதையே இரண்டு நாள் வகுப்பாக 45,000 ரூபாவுக்கு நடத்துகிறார். காசு கட்டிப் படிக்க வேண்டுமா, இலவசமாகவே கற்றுக்கொள்ளலாமா? நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சும்மா கிடக்கிற காணிகள் நிறைய. இப்போதே மலிவாக வாங்கிப் போட்டால் லாபம் என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகர், பாலையூற்று

அன்புள்ள தம்பி,

அந்த 45,000 ரூபாவைக் கட்டாதீர்கள். கணக்கு எழுதுகிறவருக்கு வாடகைக் கணக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. ஒரு கோடி ரூபா வீடு மாதம் 40,000 ரூபா வாடகைக்குப் போனால் வருடத்துக்கு 4.8 வீதம். பூட்டிக் கிடக்கும் மாதங்களையும் திருத்த வேலையையும் கழித்தால் இன்னும் குறையும். அதை நிலையான வைப்பு வட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த அமெரிக்கக்காரர் சொல்வது போல 3.5 வீத முற்பணத்தில் நான்கு குடித்தன வீட்டை வாங்கி, ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்ற மூன்றை வாடகைக்கு விடுவது அமெரிக்க அரசு காப்புறுதி கொடுக்கும் கடனால் நடக்கிற காரியம். அந்தக் கடன் இங்கே இல்லை. சரி, அதை விடுவோம்.

'சும்மா கிடக்கிற காணி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. போன மாதம் அம்மாவின் றங்குப்பெட்டியை ஒதுக்கும்போது அவருடைய சீதன உறுதி, அதுதான் சீதனக் காணியின் பத்திரம், கையில் வந்தது. அன்றிலிருந்து இதே யோசனைதான்.

நிலாவெளியில் 80 பேர்ச், அரை ஏக்கர். நம் பக்கத்தில் வளவு பெண்பிள்ளைக்குத்தானே போகும். அம்மம்மா அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது. 1990 இல் கட்டிய துணியோடு ஓடினோம். அம்மா உறுதியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். 2003 இல் திரும்பிப் போனால் புதுத் தூண் நட்டுக் கம்பி அடித்திருக்கிறது. நெடுங்காலமாகத் தானே ஆண்டு வருவதாக ஒருவர் உறுதி முடித்து, அதை இன்னொருவருக்கு விற்றிருந்தார். வாங்கியவரும் உங்களைப் போல ஒரு சம்பளக்காரர். "சும்மா கிடந்த காணி என்றுதான் சொன்னார்கள் அம்மா" என்றார். அம்மா கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார். "சும்மா கிடந்ததா? நாங்கள் முகாமில் கிடந்தோம், மகன்" என்றார்.

அந்தச் சொல்லை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? திருகோணமலையில் பிறந்த பிள்ளைதானே நீங்கள்? பற்றை மண்டிய காணியைக் கண்டால் விலை கேட்க முதல், யார் ஏன் போனார்கள் என்று கேட்க வேண்டாமா? 1871 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு காணியைப் பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் ஆண்டு அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தம் காணி உரிமையைக் கோர முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராக எண்ணக் கூடாது என்று. எத்தனை பேரின் கண்ணீர் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது தெரியுமா?

எங்கள் வழக்கு ஏழு வருடம் இழுத்தது. அம்மாவின் உறுதியில் வரைபடம் இல்லை, நான்கு எல்லைகள் மட்டும்தான். அது வேறு காணி என்று எதிர்த்தரப்பு சாதித்தது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது வடக்கு வளவுக்காரரின் பழைய உறுதி. அதில் தெற்கு எல்லையாக அம்மாவின் பெயரும், கிணற்றில் அவருக்குப் பாதிப் பங்கும் எழுதியிருந்தது.

இதைத்தான் படிக்கச் சொல்கிறேன், தம்பி. இதற்குச் செலவு கொஞ்சம்தான். முதலில் உங்கள் வீட்டு உறுதியை எடுத்து விரல் வைத்து வாசியுங்கள். முழுதாக விற்ற அறுதி உறுதியா, நன்கொடையா, கடனுக்கு வைத்த ஈடா? யாரிடமிருந்து வந்தது, அவருக்கு எப்படி வந்தது? வழிவாய்க்கால் யாருக்கு, கிணற்றில் பங்கு யாருக்கு? பிறகு சொந்தக்காரரிடம் கேட்டு இன்னும் நான்கு ஐந்து உறுதி வாசியுங்கள். அப்புறம் காணிப் பதிவகத்துக்குப் போய் அதே காணியின் பதிவேட்டைத் தேடிப் பாருங்கள். சிறு கட்டணம்தான். முப்பது வருடம் பின்னோக்கிப் போங்கள். உறுதி முடித்துப் பதியாமல் விட்டால், பின்னால் எழுதிய உறுதி முன்னால் பதியப்பட்டு முந்திக்கொள்ளவும் கூடும். பிறகு அந்தக் காணிக்கே போய் நான்கு பக்கத்து வேலிக்காரரோடும் பேசுங்கள். அவர்களுடைய உறுதியில் உங்கள் பக்கத்து எல்லை யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். இதை எந்தக் காணொளியும் சொல்லித்தராது.

அனுமதிப்பத்திரக் காணியை, அதாவது அரசு 1935 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தில் கொடுத்ததை, சொந்த அறுதிக் காணி போல விற்க முடியாது. மலிவு என்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். நிலாவெளியில் வாங்க ஆசைப்படுகிற உங்களுக்கு இது மிக முக்கியம்.

குச்சவெளியில் ஏதாவது காணியைப் பார்த்து வைத்திருந்தால், அதன் விலையை எனக்கு எழுத வேண்டாம். 1990 இல் அங்கே யார் குடியிருந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எங்கே என்று விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா