பள்ளிக்கூடம் கட்ட பி.எல்.ஏ. கட்டாயமா? கேள்வி பதில்

கலிபோர்னியாவில் அரசுப் பள்ளிக் கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போடுவது என் தொழில். பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) 'ப்ராஜெக்ட் லேபர் அக்ரிமென்ட்', சுருக்கமாக பி.எல்.ஏ., என்ற ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அனுப்பியவர்களில் பலர் இங்கேயும் நியூஜெர்சியிலும் வீடு வாங்கி, சொத்து வரி கட்டுகிறவர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, முதலில் இது என்னவென்று சுருக்கமாகச் சொல்லுங்கள். எங்கள் பள்ளி போர்டு அடுத்த மாதம் இதற்கு ஓட்டுப் போடப்போகிறது. (சான் ஹோசே)

டெண்டர் விடுவதற்கு முன்பே பள்ளி மாவட்டமும் கட்டடத் தொழிற்சங்கங்களும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். சம்பளம், வேலை நேரம், தகராறு வந்தால் யாரிடம் போவது எல்லாம் அதில் இருக்கும். வேலையை எடுக்கிற எந்த காண்டிராக்டரும், யூனியன்காரரோ இல்லையோ, அதில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆட்களைப் பெரும்பாலும் யூனியனின் ஹையரிங் ஹால், அதாவது வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம், வழியாகத்தான் எடுக்க வேண்டும். பதிலுக்கு யூனியன்கள் வேலை முடியும்வரை வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று எழுதிக்கொடுக்கும். கிராண்ட் கூலி அணை கட்டிய 1930-களிலேயே இந்த மாதிரி ஒப்பந்தங்கள் இருந்தன.

பள்ளிக்கூடம் கட்டுவதில் யார் ஸ்டிரைக் செய்யப்போகிறார்கள்? (ஃப்ரீமான்ட்)

அடிக்கடி நடப்பதில்லைதான். ஆனால் ஆகஸ்டில் பள்ளி திறக்க வேண்டும், ஜூலையில் பிளம்பர்கள் வெளிநடப்பு செய்தால் மாவட்டத்தின் கதி என்ன? லாஸ் ஏஞ்சல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இடமில்லாமல் மாணவர்களை ஷிஃப்ட் போட்டு வருடம் முழுக்கப் பள்ளி நடத்தினார்கள். பிள்ளைகளைத் தூரத்துப் பள்ளிகளுக்கு பஸ்ஸில் அனுப்பினார்கள். அந்த நெருக்கடியில் 1999-ல் இப்படி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1997 முதல் 2008 வரை வாக்காளர்கள் அனுமதித்த ஐந்து பாண்டுகளையும் (பள்ளி கட்டக் கடன் வாங்கும் பத்திரங்கள்) கூட்டினால் 2,000 கோடி டாலருக்கு மேல் வரும். அதைக் கொண்டு 131 புதிய பள்ளிகள் கட்டினார்கள். அவ்வளவு பெரிய வேலைக்கு ஆள் வரத்து நிற்காமல் இருப்பதே பெரிய விஷயம். நாலு வகுப்பறைக்கு ஏ.சி. மாற்றுகிற மாவட்டம் லாஸ் ஏஞ்சல்ஸை உதாரணம் காட்டினால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

யூனியன் சம்பளம் என்றால் செலவு ஏறத்தானே செய்யும்? இதில் என்ன விவாதம்? (எடிசன்)

பலரும் இங்கேதான் தவறான இடத்தில் தேடுகிறார்கள். கலிபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் அரசுப் பள்ளி வேலைக்கு 'ப்ரிவெய்லிங் வேஜ்' சட்டம் ஏற்கெனவே உண்டு. அந்தப் பகுதியில் அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த கூலியை யாராக இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். ஆக, பி.எல்.ஏ. வந்தாலும் வராவிட்டாலும் எலெக்ட்ரீஷியனின் மணிக்கூலி பெரிதாக மாறாது. ஒஹாயோ மாதிரி 1997-லேயே பள்ளிகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்த மாநிலத்தில் கணக்கே வேறு.

இங்கே செலவு கூடினால், என் அனுபவத்தில் அது டெண்டர் போடுகிறவர்களின் எண்ணிக்கையால் கூடுகிறது. டெண்டர் நாளன்று எங்கள் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரண்டு மணிக்கு நேரம் முடிகிறது என்றால் ஒன்றே முக்கால் வரைக்கும் சப்-காண்டிராக்டர்களின் விலை போனிலும் மெயிலிலும் வந்துகொண்டே இருக்கும். கூரைக்கு ஒருவர், டைல்ஸுக்கு ஒருவர், பெயின்டுக்கு ஒருவர். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒருவர் விலையைக் குறைப்பார், மொத்தத் தொகையை மாற்றி எழுதுவோம். கூரைக்கு ஐந்து விலை வந்தால் அப்படிக் குறைப்பார்கள். இரண்டுதான் வந்தது என்றால் யாரும் குறைக்கமாட்டார்கள். ஏன், அடுத்தவர் யார் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கும்.

அப்படியானால் யூனியன் இல்லாத காண்டிராக்டர்கள் ஏன் ஒதுங்குகிறார்கள்? கையெழுத்துப் போட்டால் போயிற்று. (டப்ளின், கலிபோர்னியா)

பத்து பேரை வைத்துத் தொழில் செய்கிறவரை நினைத்துப் பாருங்கள். தன் ஆட்களில் பாதிப் பேரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, முகம் தெரியாதவர்களை ஹாலிலிருந்து எடுக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் 'கோர் ஒர்க்கர்' விதி ஒன்று இருக்கும்: உங்கள் ஆள் ஒருவர், ஹாலிலிருந்து ஒருவர் என்று மாறி மாறி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை. அதற்கு மேல் எல்லாரும் ஹாலிலிருந்துதான்.

அப்புறம் பென்ஷன் விவகாரம். தன் ஆட்களுக்கு ஏற்கெனவே மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் கட்டுகிறவர், இந்த வேலைக்கு மட்டும் யூனியன் நிதிக்கும் கட்ட வேண்டும். யூனியன் பென்ஷன் முழு உரிமையாக ஆக வழக்கமாக ஐந்து வருடச் சேவை வேண்டும். எட்டு மாத வேலைக்குப் போனவருக்கு அந்தப் பணம் பெரும்பாலும் கைக்கு வராது. யூனியன் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஹால் நடத்தி, எல்லாம் அவர்கள் காசில் நடக்கிறது. ஆனாலும் இந்த பென்ஷன் விதியை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ஓர் ஆய்வு 30 சதவீதம் அதிகம் என்கிறது, இன்னொன்று வித்தியாசமே இல்லை என்கிறது. எதை நம்புவது? (நியூஜெர்சி)

நீங்கள் சொல்லும் 30.5 சதவீதம் உங்கள் மாநிலத் தொழிலாளர் துறை 2010-ல் வெளியிட்ட அறிக்கையில் இருப்பது. 2008-ல் முடிந்த பள்ளி வேலைகளை, சதுர அடிக்கு எவ்வளவு என்று நேரடியாக ஒப்பிட்டார்கள். நெரிசலான பழைய நகரத்தில், பழைய கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டுகிற பள்ளியும் புறநகரில் காலி மைதானத்தில் கட்டுகிற பள்ளியும் ஒரே விலைக்கு வராது. அதைக் கழிக்காமல் வித்தியாசம் முழுவதையும் பி.எல்.ஏ. தலையில் போட முடியாது.

மாசசூசெட்ஸிலும் இதே கூத்து நடந்தது. பீக்கன் ஹில் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் 2003-ல் செலவு கூடுகிறது என்றது. பெல்மன் என்ற பொருளாதார ஆய்வாளரின் குழுவினர் 2010-ல், கட்டடத்தின் தன்மையையும் இடத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு தரப்புக்கும் யார் ஆதரவு என்று தேடிப் பார்த்தால் ஆச்சரியப்படமாட்டீர்கள்.

நான் அதிகம் மதிப்பது ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஆய்வு. பள்ளி பற்றியது அல்ல, லாஸ் ஏஞ்சல்ஸில் வீடற்றவர்களுக்காக ஹெச்.ஹெச்.ஹெச். என்ற பாண்டில் கட்டிய வீடுகள் பற்றியது. ஒரு கட்டடத்தில் 65 வீடுகளோ அதற்கு மேலோ இருந்தால் பி.எல்.ஏ. கட்டாயம் என்று விதி. செலவு 14.5 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். அதைவிட சுவாரசியமானது, பல கட்டடங்கள் 65-ஐத் தொடாமல் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டன! எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டடத்தின் அளவே மாறிவிடுகிறது.

அரசுப் பணத்தில் இப்படிக் கட்டாயப்படுத்துவது சட்டப்படி செல்லுமா சார்? (ஜெர்சி சிட்டி)

சார் இல்லை, அக்கா. செல்லும். 1993-ல் பாஸ்டன் துறைமுகச் சுத்திகரிப்பு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது: அரசு தன் கட்டடத்துக்குத் தானே சொந்தக்காரராக இருந்து வேலை கொடுக்கும்போது, தனியார் முதலாளி மாதிரி இப்படி நிபந்தனை போடலாம். உங்கள் மாநிலத்தின் 2002-ம் ஆண்டுச் சட்டப்படி 50 லட்சம் டாலருக்குக் குறையாத வேலைகளில் போடலாம். போட்டே தீர வேண்டும் என்பதில்லை. பல மாநிலங்கள் கட்டாயப்படுத்தவே கூடாது என்று தடை போட்டன. மிச்சிகன் அப்படித் தடை போட்டு, 2023-ல் நீக்கியும்விட்டது. 3.5 கோடி டாலருக்குக் குறையாத வேலைகளில் பி.எல்.ஏ. வேண்டும் என்று பைடன் 2022-ல் போட்ட உத்தரவு மத்திய அரசின் சொந்தக் கட்டடங்களுக்குத்தான், உங்கள் ஊர்ப் பள்ளிக்கு இல்லை.

என் மகன் காலேஜ் வேண்டாம், எலெக்ட்ரீஷியன் ஆகிறேன் என்கிறான். இதனால் அவனுக்கு ஏதாவது பயன் உண்டா? (சாக்ரமென்டோ)

உண்டு. கலிபோர்னியாவில் அரசு வேலைகளில் தேர்ந்த தொழிலாளி ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அப்ரண்டிஸுக்கு (தொழில் பழகுகிறவருக்கு) ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பி.எல்.ஏ.யில் பெரும்பாலும் உள்ளூர் ஆட்களுக்கு இத்தனை சதவீதம் என்ற இலக்கும் சேரும். யூனியன் எலெக்ட்ரீஷியன் பயிற்சி வழக்கமாக ஐந்து வருடம், சம்பளத்தோடு. படிப்புக் கடன் கிடையாது. கணிதம் கொஞ்சம் வர வேண்டும், நுழைவுத் தேர்வு உண்டு. திட்டாதீர்கள், விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள்.

போர்டு மீட்டிங்கில் மூன்று நிமிடம் பேச விடுவார்கள். எதிர்த்துப் பேசட்டுமா, ஆதரித்தா? (மீண்டும் சான் ஹோசே)

வரைவு ஒப்பந்தத்தை முதலில் வாங்கிப் படியுங்கள் தம்பி, பொது ஆவணம்தான். எத்தனை டாலருக்கு மேல் இது பொருந்தும் என்று பாருங்கள். பத்து லட்சம் என்று இருந்தால் சின்ன ரிப்பேருக்கும் இது வந்துவிடும். ஏன் அவ்வளவு கீழே என்று கேளுங்கள். கோர் ஒர்க்கர் எத்தனை பேர், சொந்தத்தில் காப்பீடு கட்டுகிறவருக்கு விலக்கு உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். கடைசி மூன்று வேலைகளில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை டெண்டர் வந்தது என்று ஒரு பட்டியல் கேளுங்கள். 55 சதவீத ஓட்டில் பாண்டு நிறைவேறியிருந்தால் மேற்பார்வைக் குழு ஒன்று சட்டப்படி இருந்தாக வேண்டும். போர்டு பட்டியல் தரத் தயங்கினால், அந்தக் குழுவுக்கு எழுதுங்கள்.