ஒலிம்பிக் பாய்மரப் படகு: படகை இப்போதே வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

சென்னைத் துறைமுகத்தில் கோடை முகாமுக்குப் போய் வந்த பன்னிரண்டு வயது மகள், ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டுவேன் என்கிறாள். சேமிப்பை எடுத்துப் படகு வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பதே என் பதில்.

சிறுவர்கள் பழகும் ஆப்டிமிஸ்ட் படகில் 15 வயது வரைதான் போட்டியிட முடியும். உயரமான பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே அது சிறுத்துப்போகும். அடுத்து வருவது, முன்பு லேசர் எனப்பட்ட இல்கா. இல்கா 4, இல்கா 6 என்ற அதன் வகைகளுக்கெல்லாம் படகின் உடல் ஒன்றுதான். பாயையும் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மாற்றினால் இல்கா 4 இல்கா 6 ஆகிவிடும், ஒலிம்பிக்கில் பெண்கள் தனியாக ஓட்டுவது இந்த இல்கா 6. புதிய படகு ஐரோப்பாவிலேயே 7,000 யூரோவுக்கு மேல் விலையாகிறது. கப்பல் கட்டணமும் சுங்க வரியும் தனி. ஆகவே வாங்குவதென்றால் அந்தக் கட்டத்தில், நல்ல நிலையிலுள்ள பழைய படகாகப் பார்த்து வாங்கலாம்.

உண்மையில் பெற்றோரைத் திணறடிப்பது படகின் விலையன்று. புதிய பாய் கஞ்சி போட்ட வேட்டியைப் போல மொடமொடவென்று நிற்கும். வெயிலிலும் காற்றிலும் அடிபட்டுத் தொய்ந்தபின் அதை வைத்துப் பழகலாமே தவிர, பெரிய போட்டியில் இறங்க முடியாது; மறுபடி புதிய பாய் வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய செலவு பயணம். நூறு படகுகள் நெருக்கியடிக்கும் தொடக்கக் கோட்டில் இடம்பிடிக்கும் வித்தையைத் தனியாக ஓட்டிக் கற்க இயலாது என்பதால், வெளிநாட்டில் மாதக்கணக்கில் தங்குதல், படகு வாடகை, பயிற்சியாளர் ஊதியம், அவர் பின்தொடரும் விசைப்படகின் எரிபொருள் என்று கணக்கு நீளும். (வேடிக்கை என்னவென்றால், ஒலிம்பிக்கில் இல்கா படகைப் போட்டி அமைப்பாளர்களே தருகிறார்கள்.)

பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் 2009இல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில்தான் தொடங்கினார்; 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றார். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவிலும் பயிற்சி. ஒலிம்பிக் வீரர்களுக்கான மத்திய அரசின் டாப்ஸ் திட்ட உதவி உண்டு; ஆனால் அது பதக்க வாய்ப்பு தெரிந்த பின் வருவது, அதுவரை குடும்பமே தாங்க வேண்டும். வேலூரைச் சேர்ந்த பாய்மரப் படகு வீரர் விஷ்ணு சரவணனைப் போல ராணுவத்தின் வழியாக வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுமை குறைவு. அரசுப் பள்ளி இன்னொரு வழி: போபாலில் மத்தியப் பிரதேச அரசின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த நேஹா தாக்கூர் 2023 ஆசிய விளையாட்டில் இல்கா 4 பிரிவில் வெள்ளி வென்றார்.

எனவே முதல் இரண்டு ஆண்டுகள் சங்கத்தின் படகிலேயே ஓட்டட்டும். மிதவை அங்கி, காலணி, கையுறை ஆகியவற்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். சேர்க்கும்போது கட்டணத்தை மட்டும் விசாரிக்காமல், ஆண்டுத் தேர்வு மாதங்கள் உட்பட, வாரத்தில் எத்தனை நாள் அவளுக்குப் படகு கிடைக்கும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.