தரவு மையத்தின் மின்செலவு யார் தலையில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் ஏராளமான கணினிகள் இரவு பகலாக இயங்கும் தரவு மையங்கள் பெருகும் மாநிலங்களிலிருந்து வந்த கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மின் பயன்பாடு கூடவில்லை. ஆனாலும் 2025 ஜூன் முதல் பில் ஏறிவிட்டது. தரவு மையங்கள்தான் காரணமா? (கொலம்பஸ், ஒஹையோ)

பதில்: பெரும் பங்கு அவற்றுக்கு உண்டு. ஒஹையோ உட்பட 13 மாநிலங்களில் பரவிய மின்தொகுப்பை பிஜேஎம் என்ற அமைப்பு நடத்துகிறது. உச்ச நேரத்தில் மின்சாரம் தரத் தயாராக நிற்பதற்காகவே மின்நிலையங்களுக்கு ஒரு தொகை உண்டு. ஏலத்தில் முடிவாகும் அந்தத் தொகை கடைசியில் உங்கள் பில்லில்தான் வந்து இறங்கும். 2024-25க்கு அது ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலர். 2025 ஜூனில் தொடங்கிய மறு ஆண்டுக்கு 269.92 டாலர். அதற்கும் அடுத்த ஆண்டுக்கு 329.17, உச்சவரம்பு இருந்ததால்தான் அதோடு நின்றது.

2025-26 ஏலத்தின் மொத்தச் செலவு சுமார் 1,470 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 930 கோடி தரவு மையங்களின் தேவையால் வந்தது என்று பிஜேஎம் சந்தையைக் கண்காணிக்கும் சுயேச்சை அமைப்பு கணக்கிட்டது. இன்னும் கட்டி முடிக்காத மையங்களுக்கான கணிப்பும் இதில் அடக்கம். வராத விருந்தாளிக்கும் சேர்த்து நீங்கள் செலவு செய்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் மின் நிறுவனமான ஏஇபி ஒஹையோ தரவு மையங்களுக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்துவிட்டதே, இனி கவலை இல்லைதானே? (டப்ளின், ஒஹையோ)

பதில்: பாதிக் கவலை குறைந்தது. 2025 ஜூலையில் மாநில ஒழுங்குமுறை ஆணையம் தந்த உத்தரவு நல்ல உத்தரவு. 25 மெகாவாட்டுக்கு மேல் கேட்கும் புதிய தரவு மையம், தான் கேட்ட அளவில் குறைந்தது 85 சதவீதத்துக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். பயன்படுத்தினாலும் சரி, படுத்தாவிட்டாலும் சரி. ஒப்பந்தம் 12 ஆண்டுகள்; படிப்படியாக மின் பயன்பாட்டைக் கூட்டிக்கொள்ளத் தரும் நான்கு ஆண்டுகள் வரையான அவகாசமும் அதற்குள் அடக்கம். நடுவில் விலகினால் வெளியேறும் கட்டணம் உண்டு. நிதி வசதிக்கு முன்கூட்டியே ஆதாரம் காட்ட வேண்டும். வீட்டு நுகர்வோர் சார்பில் வாதாடும் அரசு அலுவலகம் இதை ஆதரித்தது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் எதிர்த்தன.

இது ஏன் தேவை? ஒரு மையத்தை நம்பித் துணை மின்நிலையமும் உயரழுத்தக் கம்பிகளும் போட்ட பிறகு, அந்த மையம் வராமல் போனாலோ பாதி மின்சாரம் மட்டும் எடுத்தாலோ, மீதிச் செலவு மற்றவர்கள் கட்டணத்தில் ஏறும். ஒரே திட்டத்துக்காக நாலு மாநிலங்களில் விண்ணப்பம் போட்டு வைப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். புதிய விதி வந்ததும் ஏஇபி ஒஹையோவிடம் காத்திருந்த 30,000 மெகாவாட் கோரிக்கை சுமார் 13,000 ஆகச் சுருங்கியது. இந்த ஓர் எண்ணே போதும்.

மீதிப் பாதிக் கவலைக்கு வருகிறேன். ஏஇபி ஒஹையோ கம்பி வழி மின்சாரத்தைக் கொண்டுவந்து தரும் நிறுவனம் மட்டுமே. முதல் கேள்வியில் சொன்ன ஏல விலை அதன் கையில் இல்லை. ஆகவே கம்பிச் செலவிலிருந்து உங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஏல விலையிலிருந்து கிடைக்காது.

கேள்வி: வர்ஜீனியாவில் என்ன நிலை? (ஆஷ்பர்ன்)

பதில்: அங்குள்ள டொமினியன் மின் நிறுவனத்துக்கு 2025 நவம்பரில் இதே போன்ற தனிக் கட்டணப் பிரிவு அனுமதிக்கப்பட்டது. 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் கேட்பவர்களுக்கு 14 ஆண்டு ஒப்பந்தம். மின்கடத்தல், விநியோகச் செலவில் குறைந்தது 85 சதவீதம், உற்பத்திச் செலவில் 60 சதவீதம் அவர்கள் கட்டியாக வேண்டும். நடைமுறைக்கு வருவது 2027 ஜனவரியில். அந்த 60 எனக்குக் குறைவாகப் படுகிறது.

கேள்வி: தரவு மையம் வந்தாலே பில் ஏறும் என்பது விதியா? (டாலஸ்)

பதில்: இல்லை. கம்பியும் மின்நிலையமும் உபரியாக இருக்கும் இடத்தில் பெரிய நுகர்வோர் ஒருவர் சேர்ந்தால், நிலையான செலவு பலருக்குப் பங்காகி விலை தணியவும் செய்யும். வடக்கு டகோட்டாவில் அப்படி நடந்தது. உபரி தீர்ந்து புதிதாகக் கட்ட வேண்டி வரும்போதுதான் சிக்கல். உங்கள் டெக்சாஸில் 2025இல் வந்த சட்டம் வேறு வழியில் போகிறது: புதிதாக இணையும் 75 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய நுகர்வோரை நெருக்கடி நேரத்தில் துண்டிக்க வழி இருக்க வேண்டும். உச்சநேரத் தேவை குறைந்தால் கட்ட வேண்டியதும் குறையும்.

கேள்வி: தனி ஆளாக நான் என்ன செய்ய முடியும்? (அட்லாண்டா)

பதில்: உங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் மின்கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 நவம்பரில் ஏறிய பில்களே தேர்தல் பேச்சாக இருந்தன; பதவியில் இருந்த இருவர் தோற்றார்கள். மற்ற மாநிலத்தவர் ஆணையத்தின் கட்டண வழக்குகளில் பொதுக் கருத்து அனுப்பலாம். “விலையைக் குறையுங்கள்” என்று மட்டும் எழுதினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, குறைந்தபட்சக் கட்டணம் எத்தனை சதவீதம், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, விலகினால் யார் தருவது என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.