இரண்டு ரவுட்டர்களும் ஒரு சான்றிதழும்

அன்புள்ள அண்ணா,

மல்லாவியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் கணினி அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படித்தவன். முன்கட்டடத்திலும் பின்கட்டடத்திலுமாக இருபத்துச் சொச்சம் கணினிகள் இருக்கின்றன. இரண்டு கட்டடங்களுக்கும் இடையே கேபிளைப் பாலை மரத்தில் கட்டி இழுத்திருக்கிறோம். பின்கட்டடத்தில் வைஃபை எட்டவில்லை என்பதால், வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றை அங்கே பொருத்தினோம். அன்றிலிருந்து சில கணினிகளில் இணையம் வருகிறது, சிலவற்றில் வருவதில்லை. இன்று வேலை செய்யும் கணினி நாளை செய்யாது. நிறுத்திப் போட்டால் சிலவேளை சரிவரும். இணைய நிறுவனத்தார் தங்கள் பக்கம் பிழையில்லை என்கிறார்கள். பார்க்க வந்த ஒருவர் பிரதான ரவுட்டரைப் பழுது என்று சொல்லிப் புதியது ஒன்றை விற்றுவிட்டுப் போனார், நிலைமை மாறவில்லை. வேலை செய்யும் கணினியின் முகவரி 192.168.1.34. செய்யாததில் 192.168.0.12 என்று இருக்கிறது. இன்னொன்றில் எப்போது பார்த்தாலும் 169.254 என்றுதான் தொடங்குகிறது.

இன்னொரு கேள்வி. நகரத்தில் ஒரு நிலையம், சிஸ்கோ நிறுவனம் வழங்கும் வலையமைப்புச் சான்றிதழான சி.சி.என்.ஏ. வகுப்புக்கு ‘சித்தி நிச்சயம்’ என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்கிறது. என் ஆங்கிலம் சுமார்தான். கடன்பட்டுச் சேரலாமா?

ஒரு வாசகர், மல்லாவி

அன்புள்ள தம்பி,

மூன்று கணினிகளின் முகவரிகளையும் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ‘நெட் வேலை செய்யுதில்லை’ என்பதோடு முடிந்துவிடும்; உங்கள் கடிதத்தில் பிழை இருக்கும் இடம் எழுத்திலேயே தெரிகிறது.

உங்கள் வலையமைப்பில் இப்போது இரண்டு ரவுட்டர்கள் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கணினி தொடங்கும்போது, தனக்கு முகவரி தரக்கூடியவர் யார் என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. அதற்குப் பதில் சொல்லும் சேவையைத்தான் டி.எச்.சி.பி. என்கிறோம். பல பதில்கள் வந்தால், பொதுவாக முதலில் வந்ததையே கணினி ஏற்றுக்கொள்ளும். பிரதான ரவுட்டர் முந்தினால் 192.168.1 என்று தொடங்கும் முகவரி கிடைத்து இணையம் வரும். பழைய ரவுட்டர் முந்தினால் 192.168.0 என்று தொடங்கும் முகவரியோடு, ‘வெளியே போக வேண்டியவை எல்லாம் என்னிடம் வரட்டும்’ என்ற அறிவுறுத்தலும் சேர்ந்து வரும், ஆனால் அந்த ரவுட்டருக்கு வெளியே போக எந்த இணைப்பும் இல்லை. நிறுத்திப் போட்டால் சிலவேளை சரிவருவது, அந்த முறை பிரதான ரவுட்டர் முந்திக்கொள்வதால்தான். இணைய நிறுவனத்தார் சொன்னது சரி. புதிய ரவுட்டருக்குக் கொடுத்த காசு வீண்.

ஆனால் நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் மாற்றிவிட வேண்டாம், முதலில் உறுதிப்படுத்துங்கள். வேலை செய்யாத கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்பிக் /ஆல்’ (ipconfig /all) என்ற கட்டளையைக் கொடுத்தால், முகவரியைத் தந்த டி.எச்.சி.பி. சேவையகம் எது என்று ஒரு வரியில் வரும். அது 192.168.0.1 என்று இருக்கும் என்பது என் ஊகம். அடுத்து ‘ஏஆர்பி -ஏ’ (arp -a) என்று கொடுங்கள், 192.168.0.1 என்பதற்கு நேரே, இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்ட பன்னிரண்டு இலக்கங்களும் எழுத்துகளும் கொண்ட ஒரு பௌதிக முகவரி தெரியும். பழைய ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால், அல்லது கடைசி ஒன்றிரண்டு எழுத்துகள் மட்டும் வேறுபட்டால், பிழை செய்வது அதுதான். பொருந்தவே இல்லையென்றால் கட்டடத்தில் எங்கோ மூன்றாவது ரவுட்டர் ஒன்று இருக்கிறது, தேடுங்கள்.

திருத்துவது எளிது. பழைய ரவுட்டரை வலையமைப்பிலிருந்து கழற்றி, ஒரு மடிக்கணினியை நேரடியாக அதில் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். பிரதான ரவுட்டர் அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்காதபடி, அது வழங்கும் முகவரிகளை 192.168.1.20 இலிருந்து தொடங்கும்படி அமைத்துவிடுங்கள். பின்பு முன்கட்டடத்திலிருந்து வரும் கேபிளை அதன் ‘லான்’ துளைகளில் ஒன்றில் செருகுங்கள், ‘வான்’ என்று எழுதியிருக்கும் துளையில் அல்ல. இனி அது வெறும் வைஃபை பரப்பி மட்டுமே. கணினிகளில் ‘ஐபிகான்பிக் /ரிலீஸ்’ (ipconfig /release), ‘ஐபிகான்பிக் /ரினியூ’ (ipconfig /renew) என்று கொடுத்தால் சரியான முகவரி வந்துவிடும்.

169.254 இல் தொடங்கும் முகவரியை எந்த ரவுட்டரும் கொடுப்பதில்லை. கேட்ட கோரிக்கைக்கு எவரும் பதில் சொல்லாதபோது விண்டோஸ் தானே தனக்கு வைத்துக்கொள்வது அது. எப்போதும் அதே கணினியில்தான் என்கிறீர்கள், ஆகவே அந்தக் கணினிக்குப் போகும் கேபிளையே சந்தேகிக்கிறேன். வேறொரு கணினியின் கேபிளை அதில் செருகிப் பாருங்கள். முகவரி கிடைத்தால் ஐயம் தீர்ந்தது. கேபிள் முனையை வெட்டிப் புதிதாக அடிக்கும்போது வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம் என்ற வரிசையை இரண்டு முனைகளிலும் பின்பற்றுங்கள். பச்சைச் சோடியின் நடுவே நீலச் சோடி வருவதைப் பார்த்து, அது ஏதோ தவறு என்று நினைத்து நிறம் நிறமாக அடுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி அடித்த கேபிளைச் சோதனைக் கருவியில் போட்டால் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும், ஆனால் 3ஆம், 6ஆம் ஊசிகளுக்கு ஒன்றோடொன்று முறுக்கிய சோடி போகாததால் குறிகைகள் ஒன்றில் ஒன்று கலந்து, இணைப்பு விட்டுவிட்டு அறுந்துகொண்டிருக்கும். எட்டு விளக்கு எரிந்தது என்பதை மட்டும் நம்பி ‘கேபிள் ஓகே’ என்று சொல்லும் ஆட்களிடம் கவனமாக இருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாலை மரத்தில் கட்டியிருக்கும் அந்தக் கேபிளை ஐப்பசி மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். வன்னியில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் விழும் இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இடி கேபிளில் நேரே விழ வேண்டியதில்லை. அருகே எங்கோ விழுந்தாலே வெட்டவெளியில் நீண்டு கிடக்கும் செப்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு இரண்டு முனைகளிலும் உள்ள சுவிட்ச்களையும் (பல கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டிகள்), அவற்றில் பூட்டிய கணினிகளையும் கொண்டுபோய்விடும். இரண்டு கட்டடங்களின் புவித்தொடுப்பும் ஒரே மட்டத்தில் இல்லாதபோது ஆபத்து இன்னும் கூடும். கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடி இழைக் கேபிள் போட்டு, இரு முனைகளிலும் மின் குறிகையை ஒளியாகவும் ஒளியை மின் குறிகையாகவும் மாற்றும் ஒவ்வொரு மீடியா கொன்வேர்ட்டர் வைப்பதே சரியான வழி. கண்ணாடி மின்னைக் கடத்தாது. ஆனால் வலுவுக்காக உள்ளே உருக்குக் கம்பி வைத்த இழைக் கேபிளும் கடையில் இருக்கும், அது இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். செப்புக் கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் இழைக்கு இல்லை. நிர்வாகத்தார் செலவைப் பார்த்துத் தயங்கினால், ஓர் இடியில் போகக்கூடிய கணினிகளின் விலையைக் கூட்டிக் காட்டுங்கள்.

இனிச் சான்றிதழ். 192.168.1.34 என்ற கணினியும் 192.168.0.12 என்ற கணினியும் ஒரே சுவிட்சில் இருந்தும் ஏன் ஒன்றோடொன்று பேசவில்லை என்பதை, 255.255.255.0 என்ற முகமூடியை (முகவரியின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் எண்) வைத்து ஒரு தாளில் எழுதி விளக்க முடிந்தால், நீங்கள் சி.சி.என்.ஏ. பாடத்திட்டத்துக்குள் ஏற்கெனவே காலடி வைத்துவிட்டீர்கள். 200-301 என்ற எண்ணுள்ள அந்தத் தேர்வு 120 நிமிடங்கள். கட்டணம் 300 அமெரிக்க டொலர். பெற்ற சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். எழுதுவதற்கு முன்தகைமை எதுவும் தேவையில்லை, வகுப்புக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. பாடத்திட்டத்தில் அதிக நிறை, 25 வீதம், ஐ.பி. இணைப்புக்கும் வழிப்படுத்தலுக்கும்தான். தேர்வறையில் கணிப்பான் தரமாட்டார்கள். விடையளித்து நகர்ந்த வினாவுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. ஆகவே ஒரு வலையமைப்பைச் சிறு உபவலைகளாகப் பிரிக்கும் கணக்கு கைப்பழக்கமாகவே வந்திருக்க வேண்டும்.

‘சித்தி நிச்சயம்’ என்று எவரும் நேர்மையாகச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது, வெளியே கசிந்த வினாக்களை மனப்பாடம் செய்ய வைப்பது. அது கண்டுபிடிக்கப்பட்டால் சிஸ்கோ சான்றிதழை ரத்துச் செய்யும், கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் முதல் நேர்முகத்தில் வெளுத்துவிடும். அதற்குக் கடன்படுவதை நான் ஒப்பமாட்டேன். சிஸ்கோவின் நெட்வேர்க்கிங் அக்கடமி தளத்தில் பதிவுசெய்தால் பாக்கெட் ட்ரேசர் என்ற, வலையமைப்பைத் திரையிலேயே போலியாக அமைத்துப் பார்க்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். ரவுட்டரும் சுவிட்சும் வாங்காமலே உங்கள் இரண்டு கட்டடங்களையும் அதில் வரைந்து, இந்தப் பிழையை வேண்டுமென்றே உண்டாக்கி, திருத்திப் பழகலாம். முறையான வகுப்பும் வேண்டும் என்றால், கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் விசாரியுங்கள். அரச வேலை மனத்தில் இருந்தால் என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்றகைமை சிஸ்கோ சான்றிதழை விட அதிகம் உதவக்கூடும்.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தேர்வில் வருவது கட்டளைகளின் ஆங்கிலமும் நீளமான வினாக்களின் ஆங்கிலமும்தான், கட்டுரை எழுதச் சொல்லமாட்டார்கள். அறையில் திருத்தும் ஒவ்வொரு பிழையையும் ஒரு கொப்பியில் நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதிவையுங்கள்: என்ன தெரிந்தது, என்ன சோதித்தேன், எது காரணம், என்ன செய்தேன். இலக்கணம் பிழைத்தாலும் பரவாயில்லை. தேர்வுக்குத் திகதி எடுப்பதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். தவறினால் மறுமுறையும் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும், அந்தக் காசு இழைக் கேபிளுக்கும் கொன்வேர்ட்டர்களுக்கும் போதுமாக இருக்கும்.