முதலில் வலிக்கு மருந்து, அப்புறம் முடிவு

கேள்வி: கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறையில் இருக்கிறோம். பூண்டு, உருளைக்கிழங்கு விவசாயம். எங்கள் வீட்டு முயலுக்கு நான்கு வயது. சாம்பல் நிறம் என்பதால் சாம்பு என்று பெயர். ஐப்பசி மழையில் மகன் அதைத் தூக்கி உள்ளே கொண்டுவரும்போது கையிலேயே உதைத்துத் துள்ளியது. அன்றிலிருந்து பின்னங்கால் இரண்டும் இழுபடுகின்றன. ஊசி போட்ட டாக்டர், இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, முதுகெலும்பு போய்விட்டது, இனி நடக்காது என்றார். மூன்று மாதம் ஆகிறது. கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டே வந்துவிடும். ஆனால் எந்நேரமும் சிறுநீரில் நனைந்து கிடக்கிறது. தொடையில் முடி கொட்டிச் சிவந்துவிட்டது. ‘கறி வைக்க வேண்டியதை மடியில் வைத்துக் கொஞ்சுகிறீர்கள்’ என்கிறார் மாமனார். ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார் கணவர். ஒன்பதாவது படிக்கும் மகன், தன்னால்தான் இப்படி ஆனது என்று அழுகிறான். இதை வைத்திருப்பது பாவமா, முடித்துவைப்பது பாவமா? போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பூம்பாறை வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் நாள் ஊசி போட்டதற்கு அப்புறம் வலிக்கு மருந்து கொடுத்ததாக ஒரு வரியும் இல்லை. எக்ஸ்ரே எடுத்ததாகவும் இல்லை. அப்படியானால் சாம்பு மூன்று மாதமாக வலியிலும் ஈரத்திலும் கிடக்கிறது. கால் திரும்பி வராமல் போகலாம், ஆனால் வலியையும் ஈரத்தையும் பெருமளவு போக்க முடியும். அவற்றைப் போக்கிய பிறகு அதற்கு எப்படிப்பட்ட வாழ்க்கை மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மல்லிக்கட்டுச் சத்தத்துக்கு ஓடிவருகிற பிராணியைப் பற்றி இன்றைக்கே கேட்டால், இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மகனிடம் முதலில் பேசுங்கள். முயலின் உடல் எடையில் எலும்புக்கூடு 7, 8 சதவீதம்தான். பூனைக்கு அது 12, 13 சதவீதம். ஆனால் பின்னங்கால் தசைகளோ அந்த உடம்புக்கு மிக அதிகம். இடுப்பைத் தாங்காமல் தூக்கும்போது பயந்து ஒரு உதை உதைத்தால், அதன் சொந்த பலமே இடுப்புப் பக்க முதுகெலும்பை ஒடித்துவிடும். கீழே விழ வேண்டும் என்பதுகூட இல்லை. மழையில் நனையாமல் காப்பாற்ற நினைத்த பையன் அவன். இனிமேல் தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்புறத்துக்கடியில், முயலின் உடம்பு தன் நெஞ்சோடு ஒட்டி இருக்கட்டும். பராமரிப்பில் ஒரு வேலையை முழுதாக அவனிடம் விடுங்கள். எந்த வேலை என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது எக்ஸ்ரே. தடவிப் பார்த்து முதுகெலும்பு என்று சொன்ன டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் பின்னங்கால் இழுபட வேறு காரணங்களும் உண்டு. முதுகில் தேய்மானம் இருக்கலாம். என்செபலிட்டோசூன் என்ற ஒட்டுண்ணி நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கியிருக்கலாம். அதற்கு ஃபென்பெண்டசோல் என்ற மருந்தை 28 நாள் கொடுப்பார்கள். உதைத்த அன்றே கால் போனதால் எலும்பு முறிவுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் உயிரைப் பற்றிய முடிவை ஒரு படமாவது பார்க்காமல் எடுக்கக் கூடாது. பின்பாதத்தை அழுத்தினால் முயல் திரும்பிப் பார்க்கிறதா, முகம் மாறுகிறதா என்றும் டாக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கால் மட்டும் தானாகச் சுருங்கினால் அது உணர்ச்சி ஆகாது. மூன்று மாதம் கழிந்த நிலையில், எழுந்து நடக்கும் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். உணர்ச்சி கொஞ்சம் மிஞ்சியிருந்தால் சிறுநீர் விஷயத்தில் வழி பிறக்கலாம்.

உங்கள் ஊரிலிருந்து இறங்கிப் போகிற தூரத்தில் தேனி வீரபாண்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும் முன் விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரு எச்சரிக்கை: மலைக்குளிரில் வளர்ந்த முயலுக்குக் கீழே இறங்கினால் வெயில்தான் பெரிய ஆபத்து. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். விடியற்காலையில் கிளம்புங்கள். அட்டைப்பெட்டியில் பழைய கம்பளி, கைநிறைய காய்ந்த புல், வழியில் தின்னக் கொஞ்சம் கீரை. மனிதர்களுக்குச் சொல்வதுபோல் ‘வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதைப் பட்டினி போடத் தேவையே இல்லை. பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும்.

மருந்து பற்றி. முயலுக்கு வலி நிவாரணியாக மெலாக்ஸிகாம் பரவலாகப் பயன்படுகிறது. எடைக்கு எடை பார்த்தால் நாயைவிட முயலுக்குக் கூடுதல் அளவு வேண்டியிருக்கும் என்பதால், டாக்டர் எடைபோட்டு அவரே கணக்கிடட்டும். நமக்குப் போடுகிற வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, இதைத் தயங்காமல் கேளுங்கள்: வாய்வழி அமாக்ஸிசிலின், பெனிசிலின் வகை மருந்துகள் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும். மாடும் ஆடும் பார்த்தே நாள் போகிற ஊர் டாக்டருக்கு இது உடனே நினைவுக்கு வராமல் போகலாம். ‘முயலுக்கு இது ஆகுமா சார்?’ என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி ஈரம். உங்கள் முயலை இப்போது அதிகம் வதைப்பது இதுதான் என்று நினைக்கிறேன். கால் போன முயலால் பின்புறத்தைத் தூக்கிச் சிறுநீர் கழிக்க முடியாது. பல நேரங்களில் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் நிரம்பி வழியும். சொட்டுகிறதே, நன்றாகப் போகிறது என்று தோன்றும், உள்ளே பை நிரம்பிக் கல்போல் இறுகியிருக்கும். தினம் இரண்டு மூன்று முறை வயிற்றை மெல்ல அமுக்கி வெளியேற்ற வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். வேண்டும் என்றால் அவர் முன்னாலேயே உங்கள் கையால் செய்து பழகிக்கொண்டு வாருங்கள். வீடியோவைப் பார்த்து முயல வேண்டாம். அழுத்தம் கூடினால் பை கிழிந்துவிடும்.

கம்பிவலைத் தரை இருந்தால் இன்றே மாற்றுங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளுக்கு விரிக்கிற உறிஞ்சும் ஷீட், மெடிக்கல் கடையில் கிடைக்கும். அதற்கும் மேலே ஃப்ளீஸ் போர்வை, கொடைக்கானல் கடைகளில் குளிருக்கு விற்கிறார்களே அதுதான். பருத்தித் துணி ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், ஃப்ளீஸ் அதைக் கீழே இறக்கிவிடும். ஷீட்டைக் கடித்துத் தின்னாமல் ஓரங்களைச் செருகிவிடுங்கள், உள்ளே இருக்கும் ஜெல் வயிற்றுக்குள் போகக் கூடாது. முழுக்கக் குளிப்பாட்டவே கூடாது, உங்கள் குளிரில் அதுவே முயலைக் கொன்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் பின்புறத்தை மட்டும் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் காயவையுங்கள். சிவந்த இடத்தைச் சுற்றி முடியைக் கத்தரித்துவிட வேண்டும். முயல் தோல் காகிதம்போல் மெலிது, அதனால் முதல் தடவை டாக்டரே செய்யட்டும். கண்ட களிம்பையும் பூச வேண்டாம், நக்கிவிடும்.

பின்புறத்தைக் காலையும் மாலையும் புரட்டிப் பார்ப்பது தவறவே கூடாத வேலை. இப்போது குளிரில் ஈ குறைவு. பங்குனி, சித்திரை வந்தால் நனைந்த முடியில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். புழுவைப் பார்த்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். உருண்டையான காய்ந்த புழுக்கை நமக்குத் தெரியும். இன்னொன்று குட்டித் திராட்சைக்கொத்து மாதிரி மெத்தென்று இருக்கும். அதைப் பின்புறத்திலிருந்தே வாயில் எடுத்துத் தின்றுவிடும், அதில்தான் அதற்கு வேண்டிய பி வைட்டமின்களும் புரதமும் இருக்கின்றன. முதுகு வளையாத சாம்புவால் எட்ட முடியாது, அதனால் ஒட்டிக்கொண்டு நாறும். எடுத்து அதன் வாயருகே வையுங்கள், தின்னும். அருவருப்பாக இருக்கிறது என்று மாமனார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பையனுக்கான வேலை இதோ. பின்னங்காலால்தான் முயல் காதைச் சொறியும். அது முடியாமல் போன முயலின் காதில் அழுக்குச் சேரும், அரிக்கும். தினமும் இரண்டு காதையும் அடிவரை சொறிந்து விடுவதும், வெளியே தெரிகிற அழுக்கைத் துடைப்பதும் அவன் பொறுப்பு. குச்சியை உள்ளே விடக் கூடாது. கண்ணை மூடி, பல்லை மெதுவாக நறநறவென்று அரைத்தபடி முயல் காதைக் காட்டிக்கொண்டிருக்கும். அது சுகத்தில் வருகிற சத்தம்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பெரும்பகுதி காய்ந்த புல்தான் இருக்க வேண்டும், பல் வளர்ந்துகொண்டே இருப்பதாலும் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதாலும். மூடுபனிக்காலத்தில் புல் பூஞ்சணம் பிடிக்கும், அடுப்புக்கு மேலே பரணில் போட்டு வையுங்கள். கேரட் கிழங்கு இனிப்பு, ஒரு துண்டோடு நிறுத்தி இலையைத் தாராளமாகப் போடலாம். உங்கள் தோட்டத்துப் பூண்டுத் தாளும் உருளைச் செடியும் முயலுக்கு விஷம். பின்னங்காலுக்குப் பூட்டுகிற சக்கர வண்டி பற்றி யாராவது சொல்வார்கள். பூம்பாறை மேட்டிலும் படியிலும் அதனால் பயன் குறைவு. வழுக்காத ஒரு விரிப்பு அதைவிட உதவும்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நன்றாகத் தின்கிறது என்பது நல்ல அறிகுறி, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. முயல் வேட்டையாடப்படுகிற ஜாதி, வலியைக் காட்டிக்கொள்ளாது. முகத்தைப் படிக்கப் பழகுங்கள். 2012-இல் ஆராய்ச்சியாளர்கள் இதற்காக ஒரு அளவுகோலே வெளியிட்டார்கள். கண் பாதி மூடியிருக்கும், கன்னம் உருண்டை போய்த் தட்டையாகும், மூக்குத் துவாரம் கூராகும், மீசை விறைக்கும், காது ஒட்டிப் பின்னால் சாயும். இதோடு பல்லைச் சத்தமாகக் கடித்தால் அது காதைச் சொறியும்போது வருகிற சத்தம் அல்ல, வலி. 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அவசர நிலை. அன்றைக்கு டாக்டரிடம் ஓட வேண்டும், முடிவெடுக்கக் கூடாது.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க கால்நடை மருத்துவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண் (10 என்றால் மிக நல்ல நிலை), கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டினால் தொடரலாம் என்பார். நடமாட்டம் ஏழில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். நான் கூட்டுத்தொகையைப் பெரிதாக நினைப்பதில்லை. மருந்துக்கும் அடங்காத வலி ஒன்று இருந்தால் மற்ற ஆறிலும் பத்து வாங்கி என்ன பயன்? போக்கைத் தெரிந்துகொள்ள அது உதவும். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் நீங்கள், கணவர், மகன் மூவரும் தனித்தனியாக, மற்றவர் எழுதியதைப் பார்க்காமல், நல்ல நாளா கெட்ட நாளா என்று குறித்து வையுங்கள். வலி மருந்தும் உலர்ந்த படுக்கையும் கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரம். அப்புறம் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

மருந்துக்குப் பிறகும் முகம் அப்படியே இருந்தால், புண் ஆறாமல் ஆழமாகிக்கொண்டே போனால், முன்னங்கால்களும் தளர்ந்தால், மல்லிக்கட்டைப் பிரித்தும் தலை தூக்காத நாட்கள் தொடர்ந்தால், அது போதும் என்பதன் அடையாளம். அப்போது ‘கடவுள் விட்ட வழி, தானாகப் போகட்டும்’ என்று விடுவதைத்தான் நான் பாவம் என்பேன். குடல் நின்று சாகும் முயலின் சாவு அமைதியானது அல்ல, வயிறு உப்பி வலித்துச் சாகும்.

கணவர் சொன்னதைக் கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள். அவருக்குக் கண்ணில் படுவது ஈரமும் புண்ணும். இன்னொன்றையும் பேசி வையுங்கள்: பூண்டு எடுப்பு சமயத்தில் பகல் முழுக்க வீட்டில் யார்? படுக்கை மாற்ற, சிறுநீர் எடுக்க ஆள் இல்லாமல் எட்டு மணி நேரம் நனைந்து கிடக்க வேண்டிய நிலை என்றால், அதுவும் நேர்மையான காரணம்தான். முடியாததை முடியவில்லை என்று சொல்வதில் குற்றம் இல்லை. மாமனாரையும் கோபிக்க வேண்டாம். பக்கத்து மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமே சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் என்று கறிக்கான முயல்களை வளர்க்கிறது. அவர் பார்த்து வளர்ந்த முயல் அதுதான். மருந்து ஏறிய உடம்பு கறிக்கு ஆகாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், பேச்சு அதோடு நிற்கும்.

அந்த நாள் வந்தால், முதலில் மயக்க ஊசி, முயல் ஆழ்ந்து மயங்கிய பிறகே அடுத்த ஊசி என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. பையன் கூட இருக்க விரும்பினால் இருக்கட்டும், வற்புறுத்த வேண்டாம். உடலைக் காட்டில் எறியாமல் நாயும் காட்டுப்பன்றியும் தோண்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும். ஊசியில் போன மருந்து அந்த உடலைத் தின்கிற பிராணியையும் கொல்லக்கூடும்.

அதற்கு முன்னால் எக்ஸ்ரே, வலி மருந்து, உலர்ந்த படுக்கை. சிறுநீர்ப்பை பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மூன்று வாரக் காலண்டர் தாள்களில் மூவரும் குறித்ததையும் சேர்த்து அனுப்பினால் அடுத்து என்ன என்று பேசலாம்.