அரசமைப்பின் 21-ஆவது பிரிவு எதைக் காக்கிறது?

சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பதே இந்திய அரசமைப்பின் 21-ஆவது பிரிவு. திருநெல்வேலிப் பகுதியின் பாசனக் கால்வாயான பாளையங்கால்வாயின் மடையை எண்ணிப் பாருங்கள்: ஷட்டரின் சாவி பணியாளர் கையில் இருந்தாலும் தண்ணீர் அவருடையதன்று, முறை வைத்துத்தான் அடைக்கலாம், அந்த முறையும் கடைமடை வயலைக் காயவிடாததாக இருக்க வேண்டும்.

முறையும் நியாயமாக இருக்க வேண்டும் என்ற இந்தப் பின்பாதிதான் உயிர்நாடி. ஏதோ ஒரு சட்டம் இருந்தாலே போதும் என்ற பழைய பார்வையை, காரணம் சொல்லாமல் பாஸ்போர்ட் முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் கைவிட்டது. நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருந்தாக வேண்டும் என்றது. தடுப்புக்காவலில் இருந்த பிரிட்டன் நாட்டுப் பெண் ஒருவர் தம் மகளையும் வழக்கறிஞரையும் சந்திக்க உரிமை கேட்ட 1981-ஆம் ஆண்டு வழக்கில், வாழ்வு என்பது மூச்சு ஓடுவது மட்டுமன்று, போதிய உணவு, உடை, உறைவிடம், எழுதப் படிக்கும் வசதி ஆகியவற்றோடு மாண்புடன் வாழ்வது என்று அதே நீதிமன்றம் விரித்துரைத்தது. மனித மாண்பு இப்பிரிவுக்குள் வந்தது, என் பார்வையில், மிகப் பொருத்தமாக ஒரு சிறைவாசியின் வழக்கால்தான்.

இது குடிமக்களுக்கு மட்டுமான உரிமை என்றும், சிறைக்குப் போனால் போய்விடும் என்றும் பலர் எண்ணுவது தவறு. வெளிநாட்டவருக்கும், பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தண்டனை அனுபவிப்பவருக்கும் இது உண்டு.